ஒரு சொல்லால் கெட்ட குறுக்கோட்டம்

1

நாங்கள் மலேசியாவை விட்டு, பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் கரையிறங்கி, இந்தத் தை மாதத்தோடு ஏழாண்டுகள் நிறைந்தன. அதே மாதத்தில் நெய்வேலி நகரியத்தில் நடந்த ஓட்டப் பந்தயம் ஒன்றில் நான் பன்னிரண்டாவதாக வந்தேன். மறுநாள் மாலை முதலாவதாக வந்தேன். அடுத்த வாரம் அப்படியொரு பந்தயமே நடக்கவில்லை என்று ஆயிற்று. மூன்றும் ஒரே பந்தயம். நான் ஓடியதும் ஒரே முறை. ஈப்போவிலிருந்து எழுதும் நண்பர்கள் ஒவ்வொரு கடிதத்திலும் ‘தாய்நாடு எப்படி இருக்கிறது?’ என்று கேட்கிறீர்கள். இம்முறை அந்தக் கேள்விக்கு இந்தப் பந்தயத்தையே பதிலாக எழுதுகிறேன்.

எங்கள் புறப்பாட்டை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கம் ஒன்றில் என் தந்தை இருபது ஆண்டுகள் இயந்திரம் பழுதுபார்த்தார். அவர் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. அட்டையின் நிறம் சரியில்லாதவர்களுக்கு இனி வேலைப் பெர்மிட் இல்லை என்ற நாள் வந்தது, வந்துவிட்டோம். அங்கே ஈயம், இங்கே பழுப்பு நிலக்கரி, தோண்டுவது ஒன்றுதானே என்று சொல்லி, அவர் இங்குள்ள சுரங்கத்தில் வேலை தேடிக்கொண்டார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தங்கை மல்லிகாவுக்கு நான்கு.

பள்ளியில் சேர்க்கப் போன அன்றே தாய்நாடு என்னைத் திருத்தத் தொடங்கியது.

“பொறந்த ஊரு?” என்று கேட்டார் எழுத்தர்.

“ஈப்போ.”

“அது எந்தத் தாலுக்கா?”

“பேராக்.”

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சற்று யோசித்தார். “ஈரோடு பக்கமா? சரி, ஈரோடுன்னே போட்டுடறேன் தம்பி. இல்லன்னா பின்னால உனக்குத்தான் அலைச்சல்.”

அன்று முதல் என் சான்றிதழ்கள் அனைத்திலும் நான் ஈரோட்டில் பிறந்தவன். திருத்தக் கோரி இதுவரை நான்கு மனுக்கள் கொடுத்துள்ளேன். ஈப்போ என்று ஓர் ஊர் இருப்பதற்குச் சான்று இணைக்கவும் என்று நான்கிற்கும் பதில் வந்தது. ஒரு மனிதன் தான் பிறந்ததை மெய்ப்பிக்கலாம்; தான் பிறந்த ஊர் பிறந்ததை எப்படி மெய்ப்பிப்பது?

2

சொற்களால் பட்ட அடிகள் தனி. வந்த முதல் வாரத்தில் அடுத்த குவார்ட்டர்ஸ் அம்மாளிடம், நம்மூர் மரியாதைப்படி, “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டேன். நம்மிடையே இதைவிடச் சாதாரணமான காலை வணக்கம் உண்டா? அவர் முகம் சிவந்து என் தாயிடம் வந்து நின்றார். “எங்க வூட்ல அடுப்பு எரியலன்னு யாருங்க சொன்னது உங்க புள்ளைக்கு?”

பள்ளியில் இன்னும் மோசம். நாம் சாலையைச் சடக்கு என்போம். இங்கே சடக்கென்று என்றால் திடீரென்று. “சடக்கில் விளையாடாதே” என்று நான் ஒருவனை எச்சரித்தால், “பின்ன எப்ப விளையாடறது?” என்று அவன் திருப்பிக் கேட்பான். நான் வாயைத் திறந்தால் வகுப்பு சிரிக்கும். ஆறு மாதம் வாயை மூடியிருந்தேன்.

பிறகு ஒரு பேச்சுப் போட்டியில் என்னை மேடையேற்றினார்கள். அங்கே ஓர் உண்மையைக் கண்டுகொண்டேன்: மேடைத் தமிழுக்கு ஊர் கிடையாது. மேடையில் திருநெல்வேலிக்காரனும் கோயம்புத்தூர்க்காரனும் கடலூர்க்காரனும் ஒரே தமிழைப் பேசுகிறார்கள்; ஈப்போக்காரனும் பேசலாம். ‘அவையோர்களே’ என்று தொடங்கிவிட்டால் நான் எங்கே பிறந்தவன் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. எதுகையும் மோனையும் எனக்குக் குடியுரிமை போல வாய்த்தன. இன்று நான் படிக்கும் கல்லூரியில் சொற்போருக்கு என் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றப் பெயர்களைத் தேடுகிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மல்லிகாவுக்கு இந்தத் தொல்லை ஏதுமில்லை. அவள் மலாயில் ஒன்று முதல் பத்து வரை எண்ணிக்கொண்டு கப்பலேறியவள். இப்போது மூன்றுக்கு மேல் வராது. கோப்பி என்றால் திருத்துகிறாள்: “காப்பின்னு சொல்லுண்ணா, மானம் போவுது.” நிலக்கடலையை மல்லாட்டை என்கிறாள், பண்ணுருட்டிச் சந்தையில் பிறந்தவள் போல. அவள் தொலைந்துகொண்டிருக்கிறாள் என்று தாய்க்குக் கவலை. நான் மட்டும் என்ன, கண்டெடுக்கப்பட்டுவிட்டேனா?

3

ஓட்டம் ஈப்போவிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து. பள்ளியில் நமக்குக் குறுக்கோட்டப் பயிற்சி அளித்த ஆசிரியர் எழுதச் சொன்ன குறிப்பேடு இன்னும் என்னிடம் உள்ளது. சாலையையும் திடலையும் விட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் சேற்றிலும் தோப்பிலும் நிலத்தின் குறுக்கே ஓடுவதால் அது குறுக்கோட்டம். இங்கே ஆங்கிலத்தில் கிராஸ் கன்ட்ரி என்கிறார்கள். நகரியத்தில் அதற்கென ஆண்டுதோறும் ஒரு பந்தயம் உண்டு. முதல் ஆறு பேர் கடலூரில் நடக்கும் மாவட்டப் பந்தயத்துக்கு நகரியத்தின் அணியாகப் போவார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளும் நான் ஏழாவது, ஒன்பதாவது. இவ்வாண்டு அந்த ஆறில் ஒருவனாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. நகரிய அணியின் பட்டியலில் பெயர் வருவது என்றால் இந்த மண்ணின் பெயரை மார்பில் அணிந்து ஓடுவது. மனுப் போட்டுக் கிடைக்காததை ஓடிப் பெறலாம் என்று எண்ணினேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பயிற்சியைத் தொடங்கினேன். திங்களன்று மெதுவோட்டம். செவ்வாயன்று, சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேட்டில் ஆறு ஏற்றம், ஆறு இறக்கம். மழைக்குப் பின் அந்தக் களிமண் காலணியை விடாமல் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் மட்டும் விட்டுவிடும். வியாழனன்று கால்வாய்க் கரையில் விரைவோட்டம். ஞாயிறன்று மந்தாரக்குப்பம் தாண்டி முந்திரித் தோப்புகள் வழியே நெடுந்தூரம். விடியலில், முதல் ஷிப்ட் பேருந்துகள் புறப்படுமுன் நகரியத்தின் பிளாக் சாலைகளைக் கடந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரிப்புகையைக் குடித்துக்கொண்டே ஓட வேண்டியதுதான்.

உணவு பெரும் போராட்டம். குறிப்பேட்டின்படி காலையில் ரொட்டி, டின் பால், இரண்டு வாழைப்பழம். ரொட்டிக்கு மந்தாரக்குப்பம் போக வேண்டும்; டின் பால் கிடைப்பதே இல்லை. எனவே ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு பிடி, அவித்த முட்டை இரண்டு, கேழ்வரகுக் கூழ் ஒரு செம்பு என்று மாற்றிக்கொண்டேன். எண்ணெயில் பொரித்தது இல்லை, கருவாட்டுக் குழம்பு இல்லை, இனிப்பு இல்லை. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலைத் தள்ளிவைத்தபோது என் தாய் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏன்டா, ஓடுறவன் சாப்பிட மாட்டானா? உங்கப்பா ஈப்போவுல டின் பால் டின்னையே நக்கிட்டுதான் ஈய லம்பத்துக்கு வேலைக்குப் போனாரு. அவரு ஓடலையா?”

“அவர் எங்கே ஓடினார்?”

“ஈப்போவ விட்டே ஓடி வந்தாரே, அது பத்தாதா?”

என் தந்தை செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இந்தப் பயிற்சிக் காலத்தில்தான் தனவேலுவைச் சந்தித்தேன். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணை வாரித் தள்ளும் வேலை. முதல் ஷிப்டுக்கு நேரத்தோடு பேருந்து இல்லாததால் நாள்தோறும் ஊரிலிருந்து ஓடியே வருவார், வெறுங்கால், கையில் பழைய சோற்றுத் தூக்கு. ஒரு ஞாயிறன்று, என் நெடுந்தூர ஓட்டத்தின் எட்டாவது கிலோமீட்டரில், நான் என் முழு வேகத்தில் இருந்தபோது, தூக்கு தளும்பாமல் அவர் என்னைக் கடந்து சென்றார். கடந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, யாரு தொரத்திக்கினு வர்றாங்க?”

“பயிற்சி” என்றேன், மூச்சிரைக்க.

“இன்னாத்துக்கு?”

“பந்தயத்திற்கு.”

“நானுந்தான் டெய்லி டூட்டிக்கி ஓடிக்கினு இருக்கறேன். ஒருத்தனும் கப்பு குடுக்கல.”

அதன்பின் ஞாயிறுதோறும் சேர்ந்து ஓடினோம். தார்ச்சாலையில் வெறுங்காலோடு அவர் ஓடுவதைப் பார்த்து, ஒருநாள் என்னை மறந்து, “சடக்கில் ஓடாதீர்கள், முழங்கால் கெட்டுவிடும்” என்று சொல்லிவிட்டேன். “சடக்குனு எங்க ஓடறேன்? மெதுவாத்தான போயிக்கினு இருக்கறேன்?” என்று அவர் மேலும் வேகம் குறைத்தார். நான் விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டும், அது ஒரு முன்னெச்சரிக்கை.

இவ்வாண்டு காண்ட்ராக்ட் ஆட்களும் பந்தயத்தில் கலந்துகொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். நான்தான் அவருக்குச் சொன்னேன். அவர் தம் ஊர் ஆட்கள் பத்துப் பேரையும் சேர்த்துக்கொண்டார்.

“டீம்ல பேரு வந்தா ஆபீசருங்க கண்ணுல படும்ல தம்பி? பர்மனென்ட்டு பண்றப்ப ஒரு வார்த்த சொல்வாங்க.”

4

இனி என் பிழைக்கு வருகிறேன்.

விளையாட்டு அலுவலக எழுத்தர் கலியமூர்த்தி என் மேடைப் பேச்சை விரும்பிக் கேட்பவர். பந்தயத்தன்று காலை மைதானத்தில் அவர் என்னைக் கண்டதும் ஒலிபெருக்கியை என் கையில் திணித்தார். “தம்பி, கூட்டம் சலசலன்னு கெடக்குது. நாலு வார்த்த பேசி வழியச் சொல்லிடு. நீ பேசுனா கேப்பானுங்க.”

பந்தய வழி அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் வரைபடமாக ஒட்டப்பட்டிருந்தது. மைதானத்திலிருந்து பிளாக் சாலைகள், கால்வாய்க் கரை, முந்திரித் தோப்பு, தோப்பைக் கடந்து மண்மேட்டை ஒரு முழுச் சுற்று, மீண்டும் அதே தோப்பின் வழியே திரும்பி மைதானம். பத்துக் கிலோமீட்டர். வழியெங்கும் சுண்ணாம்புப் பொடியால் அம்புக்குறி. மண்மேட்டின் அந்தப் பக்கம் ஒருவர் நின்று, வருகிறவர்களின் கையில் ஊதா மையில் முத்திரை குத்துவார்.

இவ்வளவையும் நான் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒலிபெருக்கி கையில் இருக்கிறது. எதிரே எழுபது பேர். ஆங்கிலப் பெயரை வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈப்போவில் நாம் வழங்கும் அழகிய சொல்லை இந்த மண்ணுக்குக் கொடையாகத் தருகிறேன் என்று எண்ணினேன். “அவையோர்களே! இன்று நடப்பது சாலையோட்டம் அன்று, திடலோட்டம் அன்று, குறுக்கோட்டம்! சாலை காட்டும் வழியில் செல்பவன் பயணி. நிலம் காட்டும் வழியில் செல்பவனே வீரன்! குறுக்கோட்டத்தில் குன்றாத ஊக்கமே கோப்பையைக் கொண்டுவரும்!” என்று முழங்கினேன். கைதட்டினார்கள். கலியமூர்த்தி தம் சீழ்க்கையை ஊதிவிட்டார். மண்மேட்டைச் சுற்ற வேண்டும் என்பதைச் சொல்ல நேரமே இல்லாமற்போயிற்று.

தனவேலுவும் அவர் ஆட்களும் தொடக்கம் முதலே முன்னால் பறந்தார்கள். கால்வாய்க் கரையில் என் கண்ணுக்கு அவர்கள் முதுகுகள் தெரிந்தன, தோப்பில் தெரியவில்லை. தோப்பின் நடுவே ஒரு முந்திரி மரத்தடியில் இரண்டு அம்புகள் இருந்தன: மண்மேட்டுக்குப் போக ஒன்று, மைதானத்துக்குத் திரும்ப ஒன்று. நான் மண்மேட்டின் பக்கம் திரும்பினேன். பனியில் நனைந்த களிமண்ணில் எனக்கு முன்னால் ஒரு காலடி கூட இல்லை. அப்போதே ஐயம் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை, எழுந்தது மகிழ்ச்சி. எல்லாரையும் எங்கோ கடந்துவிட்டேன் என்று நம்பினேன். முத்திரை குத்தியவர், “நீதாம்பா மொத ஆளு” என்றார். அந்தச் சுற்று முழுவதும் கடலூர்ப் பட்டியலில் என் பெயரைப் படித்துக்கொண்டே ஓடினேன்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது முடிவுக் கயிறு தரையில் கிடந்தது. பதினோரு பேர் நிழலில் உட்கார்ந்து நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வா தம்பி, வா” என்றார் தனவேலு, உண்மையான அன்போடு. “எங்க போயிட்ட? வழியில காலு கீலு சுளுக்கிக்கிச்சோன்னு பேசிக்கினு இருந்தோம்.”

“மண்மேட்டை ஏன் சுற்றவில்லை?” என்று கத்தினேன்.

“எந்த மண்மேடு?”

5

மறுநாள் மாலை விளையாட்டு அலுவலகத்தில் விசாரணை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் முன்பே ஓடிப் பழகியவர்கள்; வழியறிந்து முத்திரையோடு வந்திருந்தார்கள். குழுத் தலைவர் ஒரு சுரங்கப் பொறியாளர், நிதானமானவர். கையில் முத்திரை இல்லாதவர்களை வெற்றியாளராக ஏற்க முடியாது என்பதில் அவருக்குத் தயக்கமில்லை. வழி தவறியவர்களுக்கு அந்தப் பந்தயத்தில் மட்டும் இடமில்லை; வேண்டுமென்றே வழியைச் சுருக்கியவர்களுக்கு ஓராண்டு தடை என்பது விதி. இவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்பதுதான் அவர் கேள்வி. எனக்கோ, தவறு என்று மட்டும் முடிந்தால் மறு ஓட்டம் கேட்பார்களோ என்று அச்சம். தனவேலுவோடு மறுபடி ஓடினால் என்ன ஆகும் என்பது ஞாயிறுதோறும் நான் அறிந்தது. என் இடம் என் கையை விட்டுப் போவதற்கில்லை என்று எழுந்தேன்.

“தலைவர் அவர்களே! ஒருவன் வழி தவறலாம். பதினோரு பேர் ஒரே மரத்தடியில், ஒரே பக்கமாக, ஒரே நொடியில் வழி தவறுவார்களா? தவறு என்பது சிதறிப் போகும். திட்டம்தான் வரிசையாகப் போகும். இவர்கள் வரிசையாகப் போனார்கள்.”

தனவேலு சுவரோரமாக நின்றிருந்தார். “குறுக்கால ஓடச் சொன்னதே இந்தத் தம்பிதானுங்க. மைக்குல சொல்லுச்சு. குறுக்கோட்டம்னு ரெண்டு வாட்டி சொல்லுச்சு. ரோட்டுல போறவன் வீரன் இல்லன்னும் சொல்லுச்சு. ரெண்டு அம்பு இருந்துச்சு. குறுக்கால போற அம்பப் புடிச்சோம். அவ்ளோதானுங்க.”

தலைவர் என்னைப் பார்த்தார். “அப்படிச் சொன்னியா?”

நண்பர்களே, ஆறாண்டு மேடைப் பயிற்சியும் அந்த ஒரு கணத்தில் எனக்குத் துணைக்கு வந்தது. “சொன்னேன், ஐயா. குறுக்கோட்டம் என்பது நிலத்துக்குக் குறுக்கே ஓடுவது. வழிக்குக் குறுக்கே ஓடுவதன்று. தமிழ் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.”

தனவேலு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார்.

தீர்ப்பு: பதினோரு பேருக்கும் ஓராண்டு தடை. நான் முதலாமவன். வெளியே வந்ததும் கலியமூர்த்தி என் தோளைத் தட்டினார். “பிச்சு ஒதறிட்ட தம்பி! வக்கீலுக்குப் படி.” அன்றே அணிப் பட்டியலைத் தட்டச்சு செய்தார். முதல் வரியில் என் பெயர்.

6

வீட்டில் நான் நடந்ததையெல்லாம் சொல்லிக் காட்டினேன். ‘திட்டம்தான் வரிசையாகப் போகும்’ என்ற வரியை இரண்டு முறை. தாய்க்கு மகிழ்ச்சி, இனியாவது பொரித்ததைச் சாப்பிடுவாயா என்று கேட்டார். மல்லிகா மட்டும் வீட்டுப் பாடத்திலிருந்து தலை தூக்கினாள். பந்தயத்தன்று அவளும் மைதானத்தில் இருந்தவள்.

“அப்ப அந்த ஆட்டம் அது இல்லியா?”

“எது?”

“யாரு கிட்டமா வழி கண்டுபுடிக்கிறாங்களோ அவங்க ஜெயிப்பாங்கன்னு நெனச்சேன். நீதான மைக்குல குறுக்கோட்டம்னு சொன்ன?”

“நீயும் அப்படியா புரிந்துகொண்டாய்?”

“நானுமா? எங்க செட்டு அவ்ளோ பேரும் அப்படித்தான்ணா நெனச்சோம். நீ சுத்திக்கினு வந்தியா, எங்களுக்கு ஒரே வெக்கமாப் போச்சு. அண்ணனுக்குக் குறுக்கு வழி கூடத் தெரியலியேன்னு.”

தமிழ் தெரிந்த எவருக்கும் இது விளங்கும் என்று சொன்னேன். என்னோடு ஒரே கப்பலில் வந்த, ஒரே தாயிடம் தமிழ் கற்ற என் தங்கைக்கு விளங்கவில்லை. அப்படியானால் தனவேலு சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அந்தப் பதினோரு பேர் என் சொல்லைக் கேட்டு, அதன்படி ஓடி, அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். தண்டிக்கச் சொல்லி வாதாடியவனும் நான்தான்.

மூன்று நாள் பயிற்சிக்குப் போகவில்லை. கொண்டைக்கடலை ஊறி முளைவிட்டது. எனக்கு நானே இரு பக்கமும் வாதாடினேன். முத்திரை முத்திரைதான் என்றேன். வரைபடம் பலகையில் இருந்தது என்றேன். வரைபடம் ஆங்கிலத்தில் இருந்தது, ஒலிபெருக்கி தமிழில் பேசியது என்று மறு பக்கம் சொல்லியது. நான் வாழ்க்கையில் தோற்ற முதல் சொற்போர் அது, நடுவரும் இல்லை.

நான்காம் நாள் கலியமூர்த்தியிடம் ஒரு கடிதம் கொண்டுபோனேன். அதில் இரண்டே வாக்கியங்கள்: ‘குறுக்கோட்டம் என்னும் சொல்லை இவ்வூரில் வழங்காத பொருளில் ஒலிபெருக்கியில் நான் அறிவித்தது என் பிழை. அச்சொல்லை இவ்வூர் வழக்கின்படி சரியாகப் பொருள் கொண்டவர்கள் மீது விதித்த தடையை நீக்க வேண்டுகிறேன்.’

அவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடி படித்தார்.

“இன்னா தம்பி இது? இத உள்ள வச்சா இன்னா ஆவும் தெரியுமா? அறிவிப்பே தப்புன்னா பந்தயமே செல்லாதுன்னு ஆயிடும். உன் பேரும் போயிடும்.”

“மறு ஓட்டம் வைக்கலாமே?”

“கடலூருக்கு லிஸ்டு போக நாலு நாளுதான் இருக்குது. அதுக்குள்ள கமிட்டி கூடி, அப்ரூவல் வாங்கி, நோட்டீஸ் ஒட்டி... ஆவாது. எடுத்துக்கினு போ. நான் பாக்கல.”

கடிதம் மேசைமேல் இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் வைத்தால் கடலூர். அங்கேயே விட்டால் ஒன்றுமில்லை. ஈப்போவில் அந்தச் சொல்லை எனக்குக் கற்பித்தவர்களையும் நினைத்துக்கொண்டேன். அவர்கள் சொன்னது பிழை என்று நான் கையெழுத்திட்டிருந்தேன். பிழையில்லை, ஆனால் இங்கே பிழை. இந்த ‘இங்கே’ என்ற ஒரு சொல்லை எந்த மேடையிலும் நான் எடை போட்டதில்லை.

“முத்திரை வையுங்கள்” என்றேன்.

வைத்தார். வரவு எண் எழுதினார். மூன்றாம் நாள் ஆணை வந்தது: பந்தயம் செல்லாது, தடை நீக்கப்படுகிறது, கால அவகாசமின்மையால் சென்ற ஆண்டின் அணியே மாவட்டப் பந்தயத்துக்கு அனுப்பப்படுகிறது. சென்ற ஆண்டில் நான் ஒன்பதாவது. தனவேலு பட்டியலிலேயே இல்லை.

7

தடை நீங்கிய செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று மந்தாரக்குப்பத்தில் காண்ட்ராக்ட் லாரி நிற்கும் இடத்துக்குப் போனேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. நன்றி எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

“நல்லா இருக்குதுப்பா உன் ஞாயம்” என்றார். “பேசி எங்கள வெளிய தள்ளுன. எழுதி உன்னியும் தள்ளிக்கின. இப்ப போறது யாரு? போன வருசம் போயி கடேசில வந்தவனுங்க. பேசாம இருந்திருந்தா நீயாவது போயிருப்ப.”

“அடுத்த ஆண்டு நீங்கள் ஓடலாம்.”

“அடுத்த வருசம் எந்தக் காண்ட்ராக்ட்டுல எங்க மண்ணு தள்ளிக்கினு இருப்பனோ.”

“அன்று உங்களைப் பற்றி நான் சொன்ன சொல்...” என்று தொடங்கினேன்.

“வுடு. உனுக்குத் தமிழ் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அதான?”

லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறினார். ஏறியவர் எதையோ நினைத்துக்கொண்டு குனிந்தார்.

“ஆமா, நீ மட்டும் அந்த மேட்டச் சுத்திக்கினு முழுசா ஓடி வந்தியே. எவ்ளோ நேரம் ஆச்சு?”

“நாற்பத்திரண்டு நிமிடம்.”

அது என் வாழ்நாளின் மிகச் சிறந்த நேரம். குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். தனவேலு மனத்துக்குள் தோப்பையும் மேட்டையும் ஒருமுறை ஓடிப் பார்ப்பவர் போலக் கண்ணைச் சுருக்கினார். கேலி ஏதுமில்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அவ்ளோ நேரமா?”

எதிராளியின் கேள்வி முடியுமுன்பே பதிலைத் தொடங்கிவிட வேண்டும் என்பது சொற்போரில் நான் கற்ற முதல் பாடம். லாரி புறப்பட்டு, வளைவில் திரும்பி, அதன் புழுதியும் அடங்கிவிட்டது. நான் இன்னும் தொடங்கவில்லை.